பால்வீதியைப் படம் பிடிக்க ஜெய்சால்மர் பாலைவனம்தான் போகணுமா? திருவாரூர்ப் பக்கம் இருட்டான இடம் கிடைக்காதா?

கிடைக்கும். பாலைவனத்தின் பலம் இரண்டு: வறண்ட காற்று, ஊர் வெளிச்சம் இல்லாத வெட்டவெளி. முதலாவது நம் டெல்டாவில் கிடையாது. இரண்டாவது, வேதாரண்யத்துக்குத் தெற்கே உப்பளம், கோடியக்கரைப் பக்கம் ஓரளவு கிடைக்கும். அங்கே தெற்கே பார்த்தால் கடல்தான். மீன்பிடிப் படகு விளக்கு மட்டும் சில நாள் தொந்தரவு செய்யும். பால்வீதியின் மையம் தென்கிழக்கில் எழுந்து, உச்சிக்கு வருவதும் தென்திசையில்தான். இதில் நமக்கொரு லாபம் உண்டு: ஜெய்சால்மரில் அது அடிவானத்திலிருந்து அதிகபட்சம் 34 பாகைதான் ஏறும், கோடியக்கரையில் 50 பாகை வரை ஏறும்.

ஐப்பசி, கார்த்திகையை மறந்துவிடுங்கள், மழை. மார்ச் அமாவாசையை ஒட்டி, விடிகாலை 3 முதல் 5 மணி வரை நல்ல நேரம். 20 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ 3200 (ஒளி உணர்திறன்), ஒரு படத்துக்கு 20 விநாடி. 20 விநாடிக்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுக்கும்.

கோடியக்கரைக் காடு சரணாலயம், இரவில் அனுமதியின்றி நுழையக் கூடாது. உப்பளத்திலும் பாத்திக்காரரிடம் பகலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், லென்ஸில் பனி படியும். துடைக்க மெல்லிய துணி மறக்காதீர்கள். நான் மறந்து, வேட்டி நுனியால் துடைத்துக் கீறல் வாங்கியவன்.