விரிசலைப் படித்தவர்கள்: பண்டைச் சீனம் பற்றிச் சில கேள்விகள்

எலும்பைச் சுட்டு எப்படிக் குறி கேட்டார்கள்?

சீனத்தின் பழைய அரச வம்சமான ஷாங் மன்னர்களின் வழக்கம் அது. மாட்டின் தோள்பட்டை எலும்பு அல்லது ஆமையின் வயிற்று ஓடு. சுத்தம் செய்து இழைத்த பிறகு, பின்புறம் வரிசையாகக் குழிகள் குடைவார்கள். குழி மறுபக்கம் வரை போய்விடக் கூடாது; அடியில் மெல்லிய படலம் மிஞ்ச வேண்டும். அங்கே சூடு வைத்ததும் முன்புறம் நெட்டுக்குத்தாக ஒரு விரிசலும், அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளையும் விழும். குறி கேட்பதற்கான சீன எழுத்தே அந்த விரிசலின் படம்தான். குழி குடையாமல் சுட்டால் விரிசல் நினைத்த இடத்தில் விழாது.

பிறகு நாள், குறி கேட்டவர் பெயர், கேள்வி ஆகியவற்றைப் பொறிப்பார்கள். மன்னரின் கணிப்பும் கடைசியில் நடந்ததும் சில ஓடுகளில் மட்டுமே உண்டு. கி.மு. 1200 வாக்கில் வூ டிங் மன்னர் தம் மனைவி ஃபூ ஹாவின் பேறுகாலம் பற்றிக் கேட்டது அப்படிப்பட்ட ஒன்று. இன்ன இன்ன நாளில் பிறந்தால் நல்லது என்றார் மன்னர். 31 நாள் கழித்து, வேறொரு நாளில் குழந்தை பிறந்தது. ‘நல்லதாக அமையவில்லை, பெண்’ என்று பொறித்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த ஃபூ ஹாவ் படை நடத்திப் போனவர்!

ஷாங் வெண்கலப் பாத்திரங்கள் மெழுகு வார்ப்பா?

இல்லை, துண்டு அச்சு வார்ப்பு. முதலில் களிமண்ணில் மாதிரி. அதன்மேல் களிமண்ணை அப்பி, சற்று இறுகியதும் துண்டு துண்டாக அறுத்து எடுப்பார்கள். உள்ளே வைக்க ஒரு மண் கரு. கருவுக்கும் அச்சுக்கும் நடுவே விடும் இடைவெளிதான் பாத்திரத்தின் கனம். கரு நகர்ந்தால் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் ஓட்டை விழும். அதற்காகவே சிறு வெண்கலத் துண்டுகளை இடையில் செருகினார்கள். மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் ஊற்றும்போது ஆவி கிளம்பி வார்ப்பைக் கெடுக்கும். ஆகவே அச்சை முன்பே சுட்டுவிட வேண்டும். அச்சுத் துண்டுகள் சேரும் இடத்தில் தழும்பு விழும். பல பாத்திரங்களில் அங்கேதான் விளிம்புப் பட்டைகள் துருத்தி நிற்கின்றன, குறையையே அலங்காரமாக்கிவிட்டார்கள். ஷாங் தலைநகர் இருந்த ஆன்யாங்கில் கிடைத்த நாற்கால் கொப்பரை ஒன்றின் எடை சுமார் 833 கிலோ.

‘வானத்தின் ஆணை’ என்றால் விதியா?

விதி அல்ல. கி.மு. 1046 வாக்கில் ஷாங்கை வீழ்த்திய ஜோவ் வம்சத்தார், தங்கள் கலகத்துக்குச் சொன்ன நியாயம் அது: கொடுங்கோலனிடமிருந்து வானம் ஆட்சியைப் பறித்து, தகுந்தவனிடம் கொடுக்கும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நாளை ஜோவ் மன்னன் தவறினால் அவனுக்கும் அதே கதிதான்.

கன்பூசியஸ் தம் உரைகளைத் தாமே எழுதினாரா?

இல்லை. அவர் காலம் கி.மு. 551–479. சீடர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தொகுத்தவை அவை.

தாவோ சிந்தனையாளர் லாவோ ட்சுவின் பெயரில் வழங்கும் நூலின் வரிசை பதிப்புக்குப் பதிப்பு ஏன் மாறுகிறது?

1973-இல் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடிகளில், இன்றைய பிற்பாதி முன்னால் வருகிறது. 1993-இல் குவோதியனில் கிடைத்தவை அவற்றிலும் பழைய மூங்கில் சுவடிகள். நூலின் ஒரு பகுதிதான் அவற்றில் இருக்கிறது. மூங்கில் பட்டைகளைக் கோத்த கயிறு மண்ணுக்குள் மக்கிப்போனதால், எது முன், எது பின் என்பதை ஆய்வாளர்கள்தான் அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள்.