'செட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உள்ள எல்லாப் பொருள்களையும் மனப்பாடம் செய்தால்தான் ஆங்கிலம் வசப்படுமா?

வேண்டாம், அந்த முயற்சியில் இறங்காதீர்கள். 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430க்கும் மேற்பட்ட பொருள்கள் தரப்பட்டிருந்தன. அந்த ஒரு சொல்லின் விளக்கமே ஏறத்தாழ 60,000 சொற்களுக்கு நீண்டது. பிறகு நடந்த திருத்தப் பணியில் 'ரன்' என்ற வினைச்சொல் 645 பொருள்களோடு அதை முந்திக்கொண்டது. ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள், யாரோ ஒருவர் நீளமான பட்டியலைக் கையில் கொடுத்து மிரட்டியிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிடலாம்.

நான் மொழியியல் படித்தவன் அல்லன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்பவன். ஆகவே இலக்கண நுட்பம் போதவில்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் இந்தக் குறிப்பிட்ட சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு.

உடற்பயிற்சிச் செயலி ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்தது. திரையில் தோன்றும் சொற்களை மட்டும் உருவி, வரிசை வரிசையாக ஒரு கோப்பில் போட்டு அனுப்பியிருந்தார்கள். எந்தச் சொல் எந்தத் திரையில் வருகிறது என்ற குறிப்பு இல்லை. அதில் 'செட்' என்ற சொல் மட்டும் தனியாகப் பல வரிகளில் நின்றது. நினைவூட்டல் நேரத்தைத் தேர்ந்தெடுத்த பின் அழுத்தும் பொத்தான் என்றால் அது 'அமை'. பயிற்சியை எத்தனை முறை திரும்பச் செய்தோம் என்பதன் தலைப்பு என்றால் 'சுற்று'. விற்பனைப் பக்கத்தில் வரும் உபகரணங்கள் என்றால் 'தொகுப்பு'. முதல் வரியில் 'அமை' என்று தட்டியதும், மொழிபெயர்ப்பு மென்பொருள் மற்ற எல்லா வரிகளிலும் அதையே தானாக நிரப்பிவிட்டது. திரைகளின் படப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) அனுப்புங்கள் என்று கேட்டேன். ஒரே சொல்தானே, அப்படியே விட்டுவிடுங்கள் என்று பதில் வந்தது. திரும்ப வரும் வரிகளுக்குக் கூலியில் ஒரு பகுதிதான் தருவார்கள் என்பதால், அவர்களைப் பொறுத்தவரை அவை ஏற்கெனவே முடிந்துபோன வேலை. சந்தேகங்களைக் குறிப்பாக எழுதி இணைத்து அனுப்பினேன். செயலி வெளிவந்தபோது பயிற்சித் திரையில் '3 அமை' என்று இருந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று புகார் வந்தது. கேட்டுச் செய்திருக்க வேண்டாமா என்று இங்கே யாராவது கேட்கக்கூடும். கேட்ட மின்னஞ்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரே எழுத்துகள் என்றால் ஒரே பொருள் என்று எண்ணிக் கூலியைக் குறைக்கும் இந்த வழக்கத்தின் மீது எனக்குள்ள கோபம் இன்றும் தணியவில்லை.

அந்த வரிகளில் இருந்தவை உண்மையில் ஒரே சொல்லே அல்ல என்பது இன்னும் வேடிக்கை. வைத்தல், அமைத்தல் என்ற பொருளில் வரும் வினை, 'உட்காரச் செய்' என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல்லோ, லத்தீன் மூலத்திலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்து, அந்த வினையோடு கலந்துபோனது. மூலத்தில் அது ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்தது.

ஆங்கிலம் ஒழுங்கற்ற மொழி என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. நம்முடைய 'பிடி' என்ற வினையைப் பாருங்கள். சளி பிடிக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, குழந்தை அடம்பிடிக்கிறது, வேலை முடிய இரண்டு மணி நேரம் பிடிக்கிறது, சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், ஒருவரை நமக்குப் பிடித்துப்போகிறது. இவற்றை நாம் யாரும் பட்டியலிட்டுப் படிக்கவில்லை; பக்கத்தில் நிற்கும் சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. 'செட்' என்பதும் அப்படித்தான். சூரியன் எழுவாயாக வந்தால் மறைதல். சிமென்ட் வந்தால் இறுகுதல். முறிந்த எலும்பு செயப்படுபொருளாக வந்தால் அதை நேராக்கிப் பொருத்துதல். வினாத்தாள் வந்தால் தயாரித்தல்.

அதோடு ஒட்டி வரும் சிறு சொற்களில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது; உங்கள் நேரத்தை அங்கே செலவிடுங்கள். 'செட் அப்' என்றால் நிறுவுதல், 'செட் ஆஃப்' என்றால் புறப்படுதல், 'செட் அசைட்' என்றால் ஒதுக்கி வைத்தல் என்ற அளவில் அகராதி உதவும். 'செட் இன்' என்பதற்கு 'தொடங்கி நிலைகொள்ளுதல்' என்ற பொருளைப் படித்தால் மட்டும் போதாது. கோபில்ட் என்ற ஆங்கில அகராதித் திட்டத்தை வழிநடத்திய மொழியியலாளர் ஜான் சின்க்ளேர், மெய்யான வாக்கியங்களைக் கணினியில் திரட்டிப் பார்த்து, அந்தத் தொடருக்கு எழுவாயாக வருபவை பெரும்பாலும் அழுகல், விரக்தி, நோய்த்தொற்று போன்ற விரும்பத்தகாதவையே என்று காட்டினார். அதனால் ஒருவருக்கு மகிழ்ச்சி 'செட் இன்' ஆனது என்று எழுதினால், இலக்கணப் பிழை ஏதும் இல்லாமலே அந்த வாக்கியம் காதில் இடறும்.

தேர்வுக்குப் பயன்படும் இன்னொன்று: இந்த வினை இறந்தகாலத்திலும் உருமாறாது. 'ஷி செட்ஸ் தி அலாரம்' என்றால் அவள் வழக்கமாக அலாரம் வைக்கிறாள். 'ஷி செட் தி அலாரம்' என்றால் ஏற்கெனவே வைத்துவிட்டாள். எழுவாய் 'ஐ' என்றோ 'தே' என்றோ மாறினால் அந்த 'ஸ்' உதவிக்கு வராது. அப்போது 'நேற்று', 'தினமும்' போன்ற காலக்குறிப்பு வாக்கியத்தில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.