மாடிப்படிக்குக் கீழே நின்றவர்

கேள்வி: திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது, கணவர் போர்முனைக்குச் சென்று ஏழு மாதம். வாரம் ஒரு முறை பத்து நிமிடம் பேசுகிறார். எங்கே இருக்கிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். பாதி நேரம் மாமியாருக்கே போய்விடுவதால், போன வாரம் கைப்பேசியுடன் மாடிக்குப் போய்விட்டேன். 'அம்மா எங்கே?' என்றார், தூங்குகிறார்கள் என்றேன். இறங்கி வந்தபோது மாமியார் படிக்குக் கீழே நின்றிருந்தார். கணவர் என்னைவிட்டு விலகிப்போகிறாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: போர்முனையில் இருப்பவர் தாம் நிற்கும் இடத்தை வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது, ஒட்டுக்கேட்கப்படும் ஒரு சொல் அவருடைய படைப்பிரிவையே காட்டிக்கொடுத்துவிடும். இனி அதைக் கேட்காதீர்கள்.

நான் கேட்க வேண்டியது அந்த மாடிப்படியைப் பற்றி. பெற்ற மகனின் குரலுக்காகக் கால்கடுக்க நின்ற தாயை, அந்த மகனிடமே 'தூங்குகிறார்கள்' என்று சொல்லியிருக்கிறீர்கள். இறங்கி வந்து அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். தன் அழைப்பு வரும் நாளில் அம்மா தூங்கமாட்டார் என்பது மகனுக்குத் தெரியாதா? உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது, மறைக்கிறார்கள் என்ற நினைப்போடுதான் அவர் அன்றிரவு காவலுக்குப் போயிருப்பார். நினைத்த நேரத்தில் திரும்ப அழைத்துக் கேட்கவும் அவருக்கு வழியில்லை. இது பெரிய தவறு, சகோதரி.

இரண்டாம் உலகப் போரால் பிரிந்த குடும்பங்களை ஆராய்ந்து 1949-இல் எழுதிய அமெரிக்கச் சமூகவியலாளர் ரூபன் ஹில், போனவரின் இடத்தை முற்றிலும் அடைத்துக்கொண்ட குடும்பங்கள் பிரிவை நன்றாகவே சமாளித்தாலும் அவர் திரும்பியபோது தடுமாறின என்று கண்டார். அம்மாவின் மருந்தும் வீட்டு மனத்தாங்கலும் உங்கள் கணவர் காதுக்குப் போகாமல் நின்றால், அவர் இல்லாமலே நடக்க உங்கள் வீடும் பழகிவிடும். நீங்கள் பயப்படும் விலகல் அங்கேதான் தொடங்கும்.

கணவரோடு தனியாகப் பேச விரும்புவதில் குற்றமில்லை. அதற்குக் கடிதம் எழுதுங்கள். போர்க்காலத்தில் தணிக்கை இருக்கலாம் என்பதால் இடப்பெயர்களைத் தவிருங்கள். மற்றபடி மனத்தில் உள்ளதையெல்லாம் எழுதுங்கள். சட்டைப் பையில் வைத்து அவர் பத்து முறை படிப்பார்.

மாமியாரிடம் இன்றே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அடுத்த அழைப்பு வரும்போது, 'அன்று நான் சொன்னது பொய், அம்மா விழித்துத்தான் இருந்தார்கள்' என்று கணவரிடம் முதலில் சொல்லி, கைப்பேசியை மாமியார் கையில் கொடுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.