பொள்ளாச்சிச் சந்தைக் கூனியும் அண்டார்டிக் கிரில்லும் ஒன்றுதானா?

இல்லைங்க. கூனி இறால் வகை. கிரில் தென்துருவக் கடலில் வாழும், பார்க்க இறால்போல இருக்கும் சின்ன உயிரி; உயிரியல் வகைப்பாட்டில் அது தனிப் பிரிவு. செவுளைப் பாருங்கள்: கூனிக்கு ஓட்டுக்குள் மறைந்திருக்கும், கிரில்லுக்குக் கால்கள் முளைக்கும் இடத்தில் குஞ்சம்போல வெளியே தெரியும்.

அண்டார்டிக் கிரில் 6 செ.மீ., 2 கிராம் வரை வளரும். முன்னங்கால்களைக் கூடையாக விரித்து நுண்பாசியை வடிகட்டித் தின்னும். திமிங்கிலம், பெங்குவின், சீல் எல்லாவற்றுக்கும் இதுதான் சோறு.

முக்கியமான இடம் கடல்பனியின் அடிப்பக்கம். குளிர்காலத்தில் குஞ்சுகள் அங்கே ஒட்டிய பாசியைச் சுரண்டித்தான் பிழைக்கும். பெரியவை உடம்பைச் சுருக்கிக்கொண்டு பட்டினியைத் தாங்கும்; கொழுப்புச் சேமிப்பில்லாத குஞ்சுகளால் முடியாது. பனி குறைந்தால் அடுத்த தலைமுறையே அடிவாங்கும்.

கூனிபோல ஓட்டோடு காயவைத்துத் தின்னலாமா? வேண்டாம். தர்மபுரிக் கிணற்றுத் தண்ணீரில் பல்லைக் கறையாக்கும் அதே ஃபுளோரைடு கிரில் ஓட்டில் மிகுதி. செத்த சில மணி நேரத்தில் சதைக்கும் இறங்கிவிடும்.