ஒத்தக்கடையா, திருநகரா?

கேள்வி: தேனியிலிருந்து மதுரைக்குக் குடிவருகிறோம். கணவருக்கு உயர் நீதிமன்றக் கிளையில் வேலை. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். ஒத்தக்கடையா, திருநகரா?

பதில்: ஒத்தக்கடைதான், அம்மா. 2004-இல் வந்த நீதிமன்றக் கிளை அந்த மேலூர் சாலையில்தான் இருக்கிறது. திருநகர் அமைதியான இடம், தெருக்களும் ஒழுங்கு. ஆனால் தினமும் மதுரையைக் குறுக்கே கடக்க வேண்டும். சித்திரைத் திருவிழா சமயத்தில் கேட்கவே வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்குமுன், மே மாதத்தில் போர்வெல்லில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்; வீட்டுக்காரர் நிற்கும் என்றுதான் சொல்வார். அப்புறம், காலை எட்டரைக்கு மேலூர் சாலையோரம் நின்று பாருங்கள். பிள்ளைகள் அதைக் கடக்காமல் பள்ளிக்குப் போகிற பக்கமாக வீடு எடுங்கள். யானைமலை தெரிகிறது என்று வாடகை கூட்டிக் கேட்டால் மட்டும் மசியாதீர்கள், அங்கே எந்த மொட்டை மாடியிலிருந்தும் தெரியும்!