பென்சில் தொடாத துவைகல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. கையால் வரைவதில் ஆர்வம் அதிகம். ஆனால் வகுப்பில் மற்றவர்கள் ஒரே இரவில் முப்பரிமாணப் படங்களைக் கணினியில் முடித்துவிடுகிறார்கள். கைவரைபடத்துக்கு இனி இடமுண்டா? எந்த மென்பொருளை முதலில் கற்கலாம்? என் படங்கள் சிலவற்றை இணைத்துள்ளேன்.

ச.

அன்புள்ள ச.,

மென்பொருளில் எது கிடைக்கிறதோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள். பழகினால் எல்லாம் கைவந்துவிடும். நான் பேச விரும்புவது உங்கள் படங்களைப் பற்றி. கை நன்றாகப் பழகியிருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எட்டுப் படங்களிலும் ஒரு தடுமாற்றம்கூட இல்லை. எல்லாவற்றையும் தீர்மானித்த பிறகு சுவரில் மாட்டுவதற்காக வரைந்திருக்கிறீர்கள். இவற்றை நான் அலங்காரம் என்றே சொல்வேன். இதற்காகவா இத்தனை இரவுகள் கண்விழித்தீர்கள்?

நான் தனியாக எடுத்துச் செய்த முதல் வீட்டை முழுக்கத் திரையிலேயே வரைந்தேன். டேப் பிடித்து மனையின் அளவுகளை எடுத்துவந்து, சுவர் ஒன்பது அங்குலம், கதவு மூன்றடி என்று பிசகில்லாமல் கொடுத்தேன். அஸ்திவாரம் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று வீட்டுக்காரரின் தாயார் கொல்லைக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல், முருங்கையடியில் கிடந்த துவைகல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். செப்டிக் டேங்குக்கான வெள்ளைக் கோடு அந்தக் கல்லின் மேலேயே ஏறிப் போயிருந்தது. துவைத்துத் துவைத்துக் கல்லின் நடுவில் உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்தது. அளவெடுத்த அன்று நான் அதைத் தாண்டித்தான் நடந்திருப்பேன். அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்தக் கொல்லையை வரைந்திருந்தால், மரத்தின் நிழல் எங்கே விழுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தேடிப்போகும் பென்சில் அந்தக் கல்லில் வந்து முட்டியிருக்கும்.

கணினி முதல் கோட்டுக்கே அளவு கேட்கிறது. சுவர் இங்கே வரலாமா, ஒரு முழம் தள்ளினால் காற்று வருமா என்று மனம் அலையும் நேரத்தில் நம்மிடம் அளவு ஏது? அந்த அலைச்சலைத் தாங்குவது மழுங்கிய பென்சிலின் தடித்த கோடுதான். 1917இல் பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், பழைய தபால் உறைகளின் பின்பக்கத்தில் வரைந்தார். பலவற்றை மனையில் நின்று கொத்தனார்களோடு பேசியே முடிவுசெய்தார். திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு ஒருமுறை போய், சரிவுக்கும் மரங்களுக்கும் இணங்கி நிற்கும் அந்தச் செங்கல் சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். இடத்தைப் பார்த்தபடி வரைந்த கை அங்கே தெரியும்.

அந்த வீட்டின் செப்டிக் டேங்கை ஆறடி தள்ளினோம், துவைகல் அங்கேயே இருக்கிறது. நீங்கள் உங்கள் வீட்டுக் கொல்லையை, டேப் இல்லாமல், ரப்பர் இல்லாமல் வரைந்து அனுப்புங்கள். தப்பிய கோடுகளைத்தான் முதலில் பார்ப்பேன்.