புராடக்ட் டிசைனர் ஒரு புராஜெக்ட்டை எப்படி ஆரம்பிப்பார்? டீமோடு எப்படி வேலை செய்வார்?

இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆப் டிசைன் செய்கிறவர்கள் வேறு மாதிரி சொல்லலாம், அது அவர்கள் அனுபவம். நான் கோயம்புத்தூரில் கிரைண்டர், மிக்ஸி போன்ற வீட்டுச் சாமான்களுக்கு டிசைன் செய்கிறேன்.

வேலை கைக்கு வந்ததும் நான் முதலில் போவது சர்வீஸ் சென்டருக்கு. ஸ்கெட்ச் எல்லாம் அப்புறம்தான். ஒரு டேபிள் டாப் கிரைண்டருக்குப் புது பாடி கேட்டார்கள். மெக்கானிக் அண்ணன் பழைய மெஷின் ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் இருந்த ஸ்க்ரூ தலைகள் துருவேறி, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக்கூட இடமில்லை. உள்ளே பெல்ட் மேல் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. "வழியற மாவுத் தண்ணி ஷாஃப்ட்டைச் சுத்தி உள்ள இறங்குதுங்க தம்பி. கலரை மாத்தி என்ன பண்றதுங்க?" என்றார். கம்பெனி கொடுத்த பிரீஃபில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஷாஃப்ட்டைச் சுற்றி உயரமான வளையம், தண்ணீர் பின்பக்கம் வடிய ஒரு வழி, பெல்ட் மாற்ற அடியில் தனி மூடி என்று டிசைன் அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

அடுத்தது டூல் ரூம், அதாவது பிளாஸ்டிக் பாடியை வார்க்கிற ஸ்டீல் மோல்டைச் செய்கிற இடம். டிராயிங் முடிவதற்கு முன்பே அங்கே காட்டிவிடுவேன். ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாடியின் பக்கங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவு இல்லாவிட்டால் மோல்டை விட்டு வராமல் இழுத்துக்கொண்டு கோடு விழும். உள்ளே பலத்துக்கு வைக்கிற ரிப் தடித்துப்போனால் வெளியே பளபளப்பான பக்கத்தில் குழி விழும். ஸ்டீலை வெட்டிய பிறகு இதெல்லாம் தெரிந்தால் பணம் தண்ணீராய்ப் போகும். அந்த அடிமூடியின் லாக்குக்கு மோல்டில் ஸ்லைடர், அதாவது பக்கவாட்டில் நகர்கிற தனிப் பாகம், தேவைப்பட்டது. லாக்குக்கு நேரே ஒரு துளை விட்டால் ஸ்லைடரே வேண்டாம் என்று டூல் மேக்கர் சொன்னார், அப்படியே மாற்றினோம். டீம் ஒர்க் என்றால் எனக்கு இதுதான். மார்க்கெட்டிங் ஆட்கள் தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் கமெண்டில் வர வேண்டாம். அவர்களும் ஒரு தடவை அந்த மெஷினைக் கவிழ்த்துப் பார்க்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கேட்காத விஷயம் ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சும்மா ஒரு சாம்பிள் போட்டுக் காட்டுங்க, பிடிச்சா பேசலாம்" என்பார்கள். அப்படி ஒருவர் வாங்கிப்போன என் ஸ்கெட்ச், கைப்பிடியின் வளைவு வரை அப்படியே, அடுத்த தீபாவளிக்குக் கடையில் இருந்தது. போன் செய்தால் எடுக்கவே இல்லை. 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி பதிவு செய்தால் 10 வருட உரிமை, மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பொருள் கடைக்கு வந்துவிட்டால் அதில் புதுமை இல்லை என்று ஆகிவிடும். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில், அதை வரைகிறவனுக்கு அட்வான்ஸ் கொடுக்க இன்னும் யோசிக்கிறார்கள்.